வீட்டில் செய்த கார் ரோட்டுக்கு வருமா? வழிமறிக்கும் ஆர்.சி.!

பெருநகர், உத்திரமேரூர் பக்கம் கொட்டகையில் தூங்கும் சொந்தத் தயாரிப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கிளப்புவது நம்ம மெக்கானிக்குகளுக்கு பெரிய வேலை இல்லை. கார்புரேட்டரைக் கழுவி, பிரேக் ரப்பரை மாத்தினா கிளம்பிடும். சிக்கலே ஆர்.டி.ஓ. ஆபீசில்தான்.

மராட்டிய மாநிலம் சாங்லியில் பழைய இரும்பில் ஜீப் செய்த தொழிலாளியை 2021-ல் ஆனந்த் மகிந்திரா பாராட்டினார். ஆனால் விதிமீறல் என்று அதிகாரிகள் தடுப்பார்கள் என்றும் சொல்லி, பதிலுக்கு பொலிரோ கொடுத்தார்.

புது வண்டி என்றால் சோதனை மையச் சான்று வேண்டும். மையம் பக்கத்து ஒரகடத்திலேயே இருக்கு. ஆனா அது கார் கம்பெனிகளுக்கான நடைமுறை. பழைய கார் சேசிசில் கட்டினாலும், கம்பெனி வடிவத்தை மாற்றக்கூடாது என்பது 2019 ஜனவரி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. 2021-ல் வந்த 50 ஆண்டு 'விண்டேஜ்' சலுகையும் அசல் வடிவத்துக்கே.

தாய் வண்டியின் ஆர்.சி. கையில் இருந்தால், பழைய பாடிக்கே திருப்பி 5 ஆண்டு புதுப்பிக்கக் கேட்கலாம். அப்புறம் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லையே!