யார் டாக்டர்?

மலேசியாவின் புக்கிட் ரம்பாய் வட்டாரத்துக் கோவில் திருவிழா அழைப்பிதழ்களில் ‘டாக்டர்’ என்ற அடைமொழியைக் கண்டதும், “இவர் எந்த கிளினிக்?” என்று கேட்பவர் உண்டு. மருத்துவரல்லாதவர் அப்படிப் போட்டுக்கொள்ளலாமா? முனைவர் பட்டம் பெற்றவரென்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். நம் மருத்துவர்களில் பெரும்பாலோர் பெற்றது எம்பிபிஎஸ் போன்ற இளநிலைப் பட்டம். அவர்களை டாக்டர் என்பது மரபு தந்த மரியாதை. ஆய்வேடு எழுதி, தேர்வாளர் முன் வாதிட்டு முனைவரானவருக்கோ அது பட்டத்தோடு வந்த உரிமை. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முன்நின்ற தனிநாயகம் அடிகளார் பாதிரியார், மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர், லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரிடம் யாரும் ஊசி போடச் சொல்லிக் கையை நீட்டியதாகத் தெரியவில்லை!

நோயாளி ஏமாந்துவிட மாட்டாரா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சிகிச்சைக்கு உரிமை தருவது அடைமொழி அல்ல, 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படியான பதிவு. மருத்துவமனைக்குள் மருத்துவரல்லாத முனைவர்கள் தம் துறையைச் சொல்லிவிடுவதே முறை. உண்மையான கேடு, ஹோட்டல் மண்டபத்தில் அங்கி மாட்டி, காசு கட்டி வாங்கும் ‘கௌரவ’ முனைவர் பட்டம். உழைத்துப் படித்தவரையும் அது சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது. அழைப்பிதழ் அச்சிடும் ஆலய நிர்வாகங்களே, எந்தப் பல்கலைக்கழகம், என்ன ஆய்வு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வெறும் பெயரை அச்சிடுங்கள்.