ரோபோ தேனீ: உண்மையான ஹீரோ அந்தக் குட்டிக் கீல்தான்!

போனைச் சாய்த்தால் திரையும் கூடவே திரும்புகிறதே, எப்படி? உள்ளே இருக்கும் சென்சார் சிப்பில், சிலிக்கானில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடை லேசாக அசைகிறது. அசையும் தூரம் மிகமிகக் குறைவு என்பதால் சிலிக்கான் தாங்கிக்கொள்கிறது. அதையே சிறகடிக்கும் அளவுக்கு வளைக்கச் சொன்னால், கண்ணாடி மாதிரி பட்டென்று உடைந்துவிடும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வுட் குழுவினர் இதற்காகக் கையில் எடுத்தது கார்பன் இழை. ரேஸ் கார்களில் பயன்படும் அதே பொருள்தான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள இழைகளைப் பிசினோடு சேர்த்துத் தகடாக்கினால், எடை குறைவு, விறைப்பு அதிகம். அவர்களுடைய 'ரோபோபீ'யின் எடை சுமார் 80 மில்லிகிராம். நொடிக்கு 120 முறை சிறகடிக்கும். 2013-ல் கட்டுப்பாட்டோடு பறந்தும் காட்டியது.

சரி, விறைப்பான தகடு எப்படி மடங்கும்? சுவாரஸ்யமே இங்கேதான். பெரிய இயந்திரம் என்றால் பேரிங் போடுவோம். இவ்வளவு சின்ன உருவத்தில் அது எடுபடாது. உருவம் சுருங்கச் சுருங்க எடை மளமளவென்று குறையும். உரசல் அந்த வேகத்தில் குறையாது. இருக்கிற சக்தியை எல்லாம் அதுவே தின்றுவிடும். அதனால், மடங்க வேண்டிய இடத்தில் லேசரால் இடைவெளி வெட்டிய இரண்டு கார்பன் தகடுகளுக்கு நடுவே, பாலிமைடு பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டினார்கள். இடைவெளியில் தெரியும் அந்தப் படலம்தான் கீல். உரசல் கிடையாது, எண்ணெய் போடவும் வேண்டாம். இதே வழியில் 18 அடுக்குகளை ஒட்டி, குழந்தைகளின் பாப்-அப் புத்தகம் போல நிமிர்ந்து நிற்கும் தேனீயையும் செய்தார்கள்.

'மகரந்தச் சேர்க்கைக்கு ரோபோ தேனீ ரெடி' என்று செய்தி வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். 2013-ல் பறந்த தேனீக்கு மின்சாரம் போனது வயர் வழியாக. 2019-ல் வயர் இல்லாமல் பறந்த நான்கு சிறகு மாடலுக்கு, வெயிலைப்போல சுமார் மூன்று மடங்கு வெளிச்சம் தேவைப்பட்டது. பறந்ததோ ஒரு நொடிக்கும் குறைவு!

இந்தக் கீல் வயலுக்குப் போவதற்கு முன்பே ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விடும் என்றே தோன்றுகிறது. 2020-ல் வுட்டும் சோனி நிறுவனப் பொறியாளர் ஹிரோயுகி சுசுகியும் இதே உத்தியில் டென்னிஸ் பந்து அளவுக்கு ஒரு அறுவை சிகிச்சை ரோபோவைச் செய்தார்கள். விழித்திரை ரத்தக்குழாய்க்குப் பதிலாக வைத்த, முடியைவிட இரண்டு மடங்கே தடிமனான குழாயில் அது ஊசியைச் செருகிக் காட்டியது. பாலிமைடு நல்ல சூடு தாங்கும். ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்ப ஸ்டெரிலைஸ் செய்தால், அடுக்குகளைப் பிடித்திருக்கும் பசை தாங்குமா என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.