கடல் கடந்தும் ஜாதியா?

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் தென்பாகத்தில் உள்ள இவ்வூரில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கடைத்தெருவில் வாங்கி விற்று வாழ்கின்றனர். வழிகள் பலவும் வந்து கூடும் இவ்விடத்தில் ஒரு வழி மாத்திரம் இன்னும் அடைபட்டுக் கிடக்கின்றது. அஃது ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டிலிருந்து மற்றொரு தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டிற்குப் பெண் கேட்டுச் செல்லும் வழியாம். அதனை அடைத்து நிற்பது ஜாதி.

நாமறிந்த ஒரு குடும்பத்தின் நிலையைக் கூறுவோம். பெயர் வேண்டா; இவர்களைப்போல் பலர் உளர். அக்குடும்பத்தின் பாட்டனார் கங்காணியோடு கப்பலேறி வந்தவர். அவர் பெட்டியில் இரண்டு வேஷ்டியும் ஒரு ஜெபமாலையும் மாதா படமும் இருந்தனவாம். லயத்து வீட்டில் பெரட்டு மணி அடிக்குமுன் சிலுவை அடையாளம். பால்வெட்டு முடிந்து பொழுது சாய்ந்தபின் குடும்பமாய் முழந்தாளிட்டு ஜெபமாலை. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் கோவில் திருவிழா. 1846-ல் வித்திடப்பட்டு, 2019-ல் பசிலிக்கா என்னும் பட்டம் பெற்ற அக்கோவிலில் தமிழரும் சீனரும் ஒரே மெழுகுவர்த்திச் சுடரில் தம் திரியைக் கொளுத்திக்கொள்வதை நாமே கண்டிருக்கின்றோம். அந்நிய மண்ணில் அக்குடும்பத்தைக் காத்தது இந்தப் பக்தியே என்பதை மறுப்பாரில்லை. நாமும் மறுக்கவில்லை.

ஆனால் மூன்று தலைமுறையில் நிகழ்ந்ததைப் பாருங்கள். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டுமனை வந்தது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஜெபிக்கின்றனர். பாட்டனார் பிறந்த கிராமத்தின் பெயரைத் திருத்தமாய் உச்சரிக்கவும் அவர்களுக்கு நா வருவதில்லை. மொழி தேய்ந்தது, உடை மாறிற்று, உறவு அறுந்தது. ஜாதி ஒன்று மாத்திரம் அப்பெட்டியின் அடியில் பத்திரமாய்க் கிடக்கின்றது!

அவ்வீட்டுப் பெண் ஒருவரும், அதே கோவிலில் பாடற்குழுவிற் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினர். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர். இருவருக்கும் நல்ல உத்தியோகம். பெண்ணின் தகப்பனார் நம்மிடம் வந்து, "தம்பி, பையன் நல்ல பிள்ளைதான், அவன் பாட்டன் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஊருக்கு எழுதிக் கேளுங்கள்" என்றார். தெருவைக் கேட்பதன் பொருள் தமிழனுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, சமத்துவத்தைப்பற்றி ஆங்கிலத்திலேயே கட்டுரை எழுதிப் பரிசு பெற்ற நாம், வெட்கமின்றி அக்கடிதத்தை எழுதிக் கொடுத்தோம். விடை வந்தது. மணம் நின்றது. அப்பெண் இன்றும் பூசைக்கு வருகின்றார்; பாடுவதில்லை. தகப்பனாரும் நாள் தவறாது ஜெபமாலை நடத்துகின்றார்.

கத்தோலிக்க வழக்கப்படி மணத்திற்கு முன்னர் கோவிலில் ஓலை வாசிக்கப்படும். தடையேதும் அறிந்தவர் தெரிவிக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். முன் செய்த மணம், நெருங்கிய இரத்த உறவு, வயதுக் குறை, குருப்பட்டம் முதலியவை தடைகளாம். திருச்சபைச் சட்டத்தை எழுத்தெண்ணிப் படிப்பினும் ஜாதி என்றொரு தடை அதில் இல்லை. அன்பர்களே! ஜாதி உண்மையான தடையென்று நீங்கள் நம்புவீர்களாயின், ஓலை வாசிக்குங்கால் எழுந்து நின்று, "மாப்பிள்ளை இன்ன ஜாதி, ஆகையால் கூடாது" என்று சபையறியச் சொல்வதுதானே? சொல்ல நாணுகின்றீர்கள். பீடத்தின்முன் சொல்ல நாணும் ஒன்றை வீட்டுத் திண்ணையில் சட்டமாக்குகின்றீர்கள். இதற்குப் பக்தி என்று பெயரா?

இந்நோய் நேற்று வந்ததன்று. 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாதென்று கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் ஜாதியை விடாமல் சபையை விட்டனர். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கோவில், வேளாளருக்கொரு புறமும் நாடாருக்கொரு புறமுமாகக் கால்சட்டையின் இரு கால்களைப்போற் கட்டப்பட்டது. பின்னர்த் தடுப்பு இடிக்கப்பட்டபோது, தம் உரிமை பறிபோயிற்றென்று வேளாளக் கத்தோலிக்கர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றனர். அங்கும் அவர்கள் வழக்கு நிற்கவில்லை. இவை பழங்கதை என்பாருக்குச் சொல்வோம்: விழுப்புரம் பக்கத்து எறையூரில் ஒரே கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கரிடையே ஜாதிக் கலகம் மூண்டு, போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டது 2008-ல். தம் சபைக்குள் தீண்டாமை உண்டென்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது 2016-ல்.

மலாயாவுக்கு ஜாதி எவ்வாறு வந்தது? கங்காணி தன் ஊராரையும் தன் இனத்தாரையுமே பெரும்பாலும் திரட்டி வந்தான். ஒரு கிராமம் அப்படியே பெயர்த்து நடப்பட்டது. தோட்டங்கள் பலவற்றில் லயங்களும் ஜாதிவாரியாய்ப் பிரிந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி முறைக்கு 1938-ல் இந்திய அரசாங்கத்தின் தடை வந்தது. லயங்களும் இடிந்தன. கங்காணி போட்ட வேலி மாத்திரம் கிறிஸ்தவன் மனத்தில் நிற்பானேன்? நாம் எழுதும் செக்ரோலில் பெயருக்குக் கட்டம் உண்டு, நாளுக்கும் கூலிக்கும் உண்டு, ஜாதிக்கு இல்லை. லாபமே குறியான தோட்டக் கணக்கில் இல்லாத கட்டம், இரட்சிப்பே குறியென்பவன் கணக்கில் எவ்வாறு புகுந்தது?

"இஃது ஊர் வழக்கமேயன்றி மதமன்று" என்பர் சிலர். ஊர் வழக்கத்தில் உங்களுக்கு அத்துணைப் பற்றிருந்தால், பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு மன்றாட்டைக் கற்பித்திருப்பீர்களே! "பந்தியில் பார்ப்பதில்லை, கல்யாணத்தில் மட்டுந்தான்" என்பர் வேறு சிலர். ஜாதி உயிர்வாழ்வதே கல்யாணத்தினால்தான். வேருக்கு நீர் வார்த்துக்கொண்டு, கிளையை வெட்டினோமென்று பெருமை பேசுவதா? "ஹிந்துக்களிடம் இல்லையா?" என்பது மற்றொரு விடை. உண்டு; அதனையும் கண்டிக்கின்றோம். ஆனால் அதைவிட்டு வந்தோமென்று சொல்லித் தலையில் தண்ணீர் ஏற்றவர் நீங்களல்லவா? 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி இந்நாட்டுத் தமிழர்க்குச் செய்த போதனை தமக்கன்று, பிறர்க்கென்று எண்ணும் கிறிஸ்தவர் இன்றும் உளர்.

"நாம் சிறு கூட்டம், பல மதத்தார் வாழும் நாட்டில் நம் வீட்டு அழுக்கை வெளியிடலாமா?" என்று அஞ்சுவாரும் உண்டு. வெளியிட்டதனால் அழுக்கு உண்டாகவில்லை. சிறு கூட்டம் உள்ளுக்குள் மேலும் உடைந்தால் மிஞ்சுவது யாது?

கிணற்றங்கரையில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவரையே நீங்கள் ஆண்டவர் என்கின்றீர்கள். அவர் அவளுடைய தெருவை விசாரித்த பின்னர் வாய் திறக்கவில்லை. ஆகையால் பெற்றோர்களே, பிள்ளையின் குணத்தைக் கேளுங்கள், தொழிலைக் கேளுங்கள், கடனுண்டா, குடியுண்டா என்று கேளுங்கள். பாட்டன் தெருவைக் கேளாதீர்கள். குருமார்களே, ஓலையில் இல்லாத தடையால் நின்றுபோகும் மணங்களைப்பற்றி ஒரு ஞாயிறேனும் பிரசங்கியுங்கள். இளைஞர்களே, அஞ்சாதீர்கள், சட்டம் உங்கள் பக்கம், வேதமும் உங்கள் பக்கம்.

நாம் எழுதிய கடிதத்தை இனித் திரும்பப் பெறுதல் இயலாது. அத்தகைய கடிதம் ஒன்றை இனி எவருக்காகவும் எழுதமாட்டோம். எழுதித் தரும்படி கேட்டு வருவோர்க்கு இக்கட்டுரையையே கொடுத்தனுப்புவோம்.