அம்பாசிடருக்குத் தொண்டை ஆபரேஷன்

எங்கள் வீட்டில் ஒரு அம்பாசிடர் இருக்கிறது. 1986 மாடல். "இன்னுமா ஓடுது?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில்: ஓடுகிறது சார். உத்தரபாராவில் தயாரிப்பை நிறுத்தியதே 2014-ல்தான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

1996-ல் எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டர் காணாமல் போனது. அடுத்த வாரமே அப்பா காருக்கு அலாரம் மாட்டிவிட்டார். ரிமோட், அதிர்ந்தால் உணரும் சென்சார், பானெட்டுக்குள் சைரன், ஆறு தினுசு அலறல். நடுவில் ரெண்டு தடவை சைரன் செத்தது. அப்பா விடவில்லை, புதுசு வாங்கிப் போட்டார்.

வில்லன் திருடன் இல்லை, தென்காசிக் காற்று. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, கோபுர வாசலில் நிற்பவரின் வேட்டியையே விட்டு வைக்காது. சென்சாரை விடுமா? காற்றடித்தால் கத்தும். லாரி போனால் கத்தும். ஒருநாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், பானெட் மேல் குரங்கு. பயந்து ஓடவில்லை. சத்தம் நின்றதும் இன்னொரு முறை குதித்து மறுபடி கத்தவிட்டு ரசித்தது!

போன ஆடியில் ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும். நல்ல சாரல். கார் கத்தியது. "காத்துதான்" என்று புரண்டு படுத்தேன். மனைவி ஜன்னலைச் சாத்தினாள். அரை நிமிஷத்தில் நின்றது. மறுபடி கத்தியது. நாலு தடவை. அஞ்சாவது தடவை எரிச்சலோடு ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

ஷெட்டில் அப்பா கிடந்தார். கார்க் கண்ணாடியை ஏற்றினோமா என்று பார்க்க வந்தவர், பாசி வழுக்கி விழுந்திருக்கிறார். கூப்பிட்டால் மழையில் கேட்காது என்று, கைத்தடியால் பம்பரைத் தட்டித் தட்டிக் கத்தவிட்டிருக்கிறார்.

நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னார்: "இத்தனை வருசம் சும்மா கத்துச்சு, எல்லாரும் திட்டுனீங்க. நெசமாக் கத்துனப்ப ஒரு பய வரல. சவத்தைக் கழட்டிப் போடுலே."

அந்த ஒரு பய நான்தான்.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தார். முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவைக் கழட்டுவது. கழட்டினார். கார் முன்னைவிடப் பலமாக அலறியது! திருடன் பேட்டரியைக் கழட்டினாலும் கத்த வேண்டுமே என்று சைரனுக்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரியாம். அதை அணைக்க ஒரு சின்னச் சாவி. பீரோவில் எல்.ஐ.சி. ரசீதுகளுக்கு அடியில் சாவி கிடைக்கும்வரை கத்திக்கொண்டே இருந்தது. தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, கண்ட ஒயரை வெட்டிராதீங்க" என்றார் தம்பி. இக்னீஷன் ஸ்விட்சிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, அலாரத்தின் ரிலே வழியாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். பெட்டியை மட்டும் பிடுங்கினால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஸ்பார்க் வராது. பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி இக்னீஷன் ஒயர் வெள்ளை. அலாரம் மாட்டியவர் இழுத்ததெல்லாம் கறுப்பு. "கறுப்பைப் பிடிச்சிக்கிட்டே போனா வெள்ளை ரெண்டு துண்டாக் கெடக்கும்." கிடந்தது. ரெண்டையும் முறுக்கி, ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டார். இண்டிகேட்டருக்கும் கதவு ஸ்விட்சுக்கும் போன ஒயர்களையும் பிரித்து எடுத்தார். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப்பை நிறைய ஒயர் வந்தது.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட்.

அன்று ராத்திரி பேய்க் காற்று. கார் வாயே திறக்கவில்லை. விடிந்ததும் வாசலில் எதிர்வீட்டு அண்ணாச்சி, பக்கத்து வீட்டு மதினி, பால்காரர். "ராத்திரி சத்தமே இல்லியே, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

கத்தினபோது வராதவர்கள், கத்தாதபோது வந்துவிட்டார்கள்!

இப்போது அப்பாவின் கட்டிலருகே ஒரு பூஜை மணி வைத்திருக்கிறேன். முதல் ராத்திரியே நாலு தடவை அடித்தார்.

"என்னப்பா?"

"சும்மாதாம்லே. வாரியான்னு பார்த்தேன்."

நாலு தடவையும் எழுந்து போனேன்.