சூப்பிய விரலும் சுட்டிய விரலும்

"நீங்க வேலைக்குப் போறீங்களா?"

என் மகளின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து முடித்த பல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பற்களை இறுகக் கடித்தாலும் மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்கு இடைவெளி. தோசையை முன்பல்லால் கடிக்க முடியாது, கடைவாய்க்குத் தள்ளிக் கிழித்துத்தான் தின்பாள். அந்த இடைவெளியில் அவளுடைய வலது கட்டைவிரல் அச்சாகப் பொருந்தும். காரணம் கண்ணெதிரே இருக்கிறது. பிறகு எதற்கு என் வேலையைப் பற்றிய விசாரணை?

பக்கத்து நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவரும் வேலைக்குப் போகிறவர்தான். அவரை யாரும் கேட்கவில்லை. நான் "ஆமா" என்றதும் மருத்துவர் தலையை ஆட்டினார். அவரும் ஒரு பெண், அவரும் அன்று வேலைக்குத்தான் வந்திருந்தார். "அதான். அம்மா பக்கத்துல இல்லன்னா குழந்தைங்க ஏங்கிப்போய் விரலை வாயில வெச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மதர் வொர்க்கிங்.'

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்த அம்மாக்கள் நம்மிடையே ஏராளம். சூப்புவது பிறக்கும் முன்பே வந்துவிடுகிற பழக்கம். அது இல்லையென்றால் பிறந்த குழந்தையால் பால் குடிக்க முடியாது. வயிற்றுக்குள் இருக்கும்போது அந்தக் குழந்தை யார் பக்கத்தில் இல்லையென்று ஏங்கியது?

பல்லைப் பற்றி உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியதை அந்த மருத்துவர் சொல்லவில்லை. நானாகத்தான் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டேன். பால் பற்கள் மொத்தம் 20. மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். பெரும்பாலான குழந்தைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் விரலைத் தாமாகவே விட்டுவிடுகின்றன. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பற்களின் பொருத்தம் மாறும் வாய்ப்பு அதிகம். விரல் மேல்வரிசைப் பற்களை வெளியே தள்ளுகிறது, கீழ்வரிசையை உள்ளே சாய்க்கிறது. சூப்பும்போது கன்னங்கள் இருபக்கமும் உள்வாங்கி அழுத்துவதால் மேல்தாடை குறுகி, கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக இறங்கிவிடலாம். ரப்பர் நிப்பிளும் இதே வேலையைச் செய்யும். எவ்வளவு பலமாகச் சூப்புகிறது என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதுதான் முக்கியம். ஆறு வயதையொட்டி நிலையான முன்பற்கள் வருவதற்குள் பழக்கம் நின்றுவிட்டால் முன்பக்க இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். கடைவாய்ப் பொருத்தம் அப்படித் தானாகச் சரியாவது குறைவு, அதற்குச் சிகிச்சை தேவைப்படும். ஆகவே மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

தாடையின் அமைப்பு பரம்பரையாகவும் வரும். மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சு விடும் குழந்தைக்கும் பல்வரிசை மாறலாம். கேட்பதற்கு இத்தனை கேள்விகள் இருந்தும் என் உத்தியோகம்தான் முதலில் வந்தது.

இது நம்மூர் நோய் மட்டுமல்ல. 1845இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற மருத்துவர் குழந்தைகளுக்காக 'ஸ்ட்ரூவெல்பீட்டர்' என்ற படக்கதைப் புத்தகத்தை வெளியிட்டார். அதில் விரல் சூப்பும் ஒரு பையனின் இரண்டு கட்டைவிரல்களையும் தையல்காரர் ஒருவர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார். எப்போது தெரியுமா? அம்மா வீட்டை விட்டு வெளியே போன நேரத்தில். 1928இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகத்திலோ அம்மாக்கள் அளவுக்கு மீறி அன்பு காட்டுவதன் ஆபத்துகளைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. வெளியே போனாலும் குற்றம், கட்டிக்கொண்டு கிடந்தாலும் குற்றம்.

இப்போது என் மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ மற்ற உணவோடு தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீண்ட நாள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் பல் பொருத்தக் கோளாறு குறைவாக இருப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. நல்லது. நம் நாட்டின் மகப்பேறு சட்டம் 2017 திருத்தத்துக்குப் பிறகு தருவது 26 வார விடுப்பு, அதுவும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு. பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துக்கொண்டவள், 18 வாரக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. சின்ன பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவளுக்கும் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கும் விடுப்பு என்ற சொல்லே கிடையாது. இரண்டு வயது நிரம்பாத அவர்கள் பிள்ளைக்கு அங்கன்வாடியில் சத்துமாவுப் பொட்டலம் கிடைக்கும், நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்கிறது அதே சட்டம். எங்கள் அலுவலகத்தில் 200 பேருக்கு மேல். காப்பகம் எங்கே என்று கேட்டதற்கு, "நீங்க ஒருத்தர்தானே மேடம் கேக்கறீங்க" என்றார் மேலாளர். ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் போன அந்த முதல் வாரங்களில், மதியம் மாரில் பால் கட்டி ரவிக்கை நனையும். கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சிக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அதே நேரத்தில் வீட்டில் என் மகள் தன் விரலைக் கண்டுபிடித்துக்கொண்டாள். 'மதர் வொர்க்கிங்' என்று எழுதிய பேனா 'ஆபீசில் காப்பகம் இல்லை' என்று எழுதாது.

(தாய்ப்பால் கொடுக்க முடியாத, கொடுக்க விரும்பாத பெண்களை அடிக்க இந்த ஆய்வுகளைத் தடியாக யாரும் தூக்க வேண்டாம். அதற்கும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.)

மருத்துவரிடமிருந்து வந்த அன்று அத்தை வேப்பெண்ணெய்க் குப்பியை எடுத்து வைத்தார். "பொட்டப்புள்ள பாரு கண்ணு. பல்லு எடுப்பாப் போச்சுன்னா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" மூன்றரை வயதுக்காரிக்கு மாப்பிள்ளைக் கவலை. இதே அத்தைதான் வேறொரு நாள் மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்: "அவன் ரெண்டாங்கிளாஸ் போற வரைக்கும் சூப்புனான். ஒரு மூலைல உட்டா சத்தமே இருக்காது." என் கணவருக்கும் மேல்பற்கள் கொஞ்சம் எடுப்புதான். மீசை மறைத்துக்கொள்கிறது. அவரைப் பெண் பார்க்க அழைத்து வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

இத்தனையும் புரிந்த நானே அன்று ராத்திரி என்ன செய்தேன் தெரியுமா? வேப்பெண்ணெயை மகளின் விரலில் தடவினேன். மருத்துவர் கேட்ட கேள்வி எனக்குள் அப்படி வேலை செய்திருந்தது. விரலை வாயில் வைத்தவள் முகம் சுளித்தாள், என்னைப் பார்த்தாள், ஓங்கி அழுதாள். பாவாடையில் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. கடைசியில் அந்தக் கசப்போடே சூப்பிக்கொண்டு தூங்கிப்போனாள். காலையில் அவள் தலையணையிலும் என் உள்ளங்கையிலும் ஒரே வாடை. மிளகாய்த்தூள் தடவுகிற வீடுகள் இருக்கின்றன, விரலில் சூடு வைப்பதாக மிரட்டும் வீடுகள் இருக்கின்றன. எங்கேயும் அதைச் செய்ய ஏவப்படுவது அம்மாவின் கைதான்.

குப்பியை மறுநாள் விளக்குக்கு ஊற்றித் தீர்த்தேன். இரவில் தூங்க வைக்கும் பொறுப்பைக் கணவரிடம் கொடுத்தேன். முதல் வாரம் முனகினார், பிறகு கதை சொல்லக் கற்றுக்கொண்டார். விரலைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று அத்தையிடமும் சொல்லிவிட்டேன். நான்கரை வயதில் ஒருநாள் கவனித்தபோது அவள் சூப்புவதை விட்டிருந்தாள். கதையாலா, வயதாலா, சொல்ல மாட்டேன்.

ஐந்து வயதில் மறுபடி அதே மருத்துவரிடம் போனோம். இடைவெளி பாதிக்கு மேல் மூடியிருந்தது. "பரவாயில்லையே, வேலைய விட்டுட்டீங்களா?" என்றார். இல்லை, இப்போது கூடுதல் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்றேன். பழைய சீட்டைப் புரட்டினார். மேலே அந்த இரண்டு வார்த்தைகள் அப்படியே இருந்தன.

"பக்கத்துலயே இதையும் எழுதிக்குங்க டாக்டர். அவ அப்பா ஏழு வயசு வரைக்கும் விரல் சூப்பியிருக்கார். அவரோட மேல்பல்லும் எடுப்புதான்."

மருத்துவர் முதல் முறையாக என் கணவரின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க."