வலைக்கு வழக்கு, நஞ்சுக்கு?

ஓங்கில், அதாவது டால்பின், செத்து ஒதுங்கினால் முதலில் எங்களைத்தான் பிடிக்கிறார்கள். யார் வலை, கண்ணி எத்தனை அங்குலம், எப்போது கடலுக்குப் போனாய், ஏன் தகவல் சொல்லவில்லை?

போன மழைக்காலத்தில் ஒதுங்கியது ஒரு தாய் ஓங்கில். வலை அறுத்த தடம் உடம்பில் எங்கும் இல்லை. நாலு பேர் சேர்ந்து புரட்டியபோது, அடிவயிற்றுப் பிளவிலிருந்து பால் கசிந்து மணலில் இறங்கியது. எருமைப்பாலைவிடக் கெட்டி. "குட்டி எங்க கெடந்து அலையுதோ" என்று சித்தப்பா கடலைத் திரும்பிப் பார்த்தார். வந்திருந்த அதிகாரி அவரிடம் வலைக்கண் அளவைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதனால் செத்தது சார் என்றேன். சீக்கிரம் குழி தோண்டுங்கள், நாறிவிடும் என்றார். ஒரு துண்டு கொழுப்பை அறுத்துச் சோதனைக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கொழுப்பில் என்ன இருக்கும் என்பது தெரியாத ரகசியமா? பரங்கிப்பேட்டைக் கடலோரத்தில் கிடைத்த ஓங்கில்களின் கொழுப்பை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனாபேயும் நம்மூர் சுப்பிரமணியனும் இன்னும் சிலரும் ஆராய்ந்து 1993இலேயே எழுதிவிட்டார்கள். டி.டி.டி. இருந்தது, பி.சி.பி. என்கிற தொழிற்சாலை ரசாயனம் இருந்தது, வயலுக்குத் தூவிய பி.எச்.சி. பவுடரும் இருந்தது. ஆராய்ந்தவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர்கள் எழுதினார்கள். படித்து எங்களிடம் வந்து சொல்ல வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

இந்த நஞ்சு தண்ணீரில் கரையாது; கொழுப்பில்தான் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிலிருந்து மத்திக்கு, மத்தியிலிருந்து பெரிய மீனுக்கு என ஒவ்வொரு வாயிலும் கூடிக்கொண்டே ஏறி, பல்லாண்டு வாழும் ஓங்கிலில் வந்து தங்குகிறது. அதை உடைத்து வெளியேற்ற ஓங்கிலின் ஈரலுக்குப் போதிய சக்தி இல்லை. ஆண் ஓங்கிலின் உடம்பில் ஆயுள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். பெண்ணுக்கு மட்டும் ஒரு வழி உண்டு: பால். தாயின் உடம்பில் அத்தனை வருடம் சேர்ந்ததில் பெரும்பங்கைத் தலைச்சன் குட்டி குடித்துவிடுகிறது. மணலில் இறங்கிய அந்தப் பாலை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை.

ஓங்கில் தின்னும் மத்தியையும் கணவாயையும்தானே நாங்களும் தின்கிறோம்? தென்னிந்தியத் தாய்மார்களின் பாலிலும் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் இருப்பதாக 1990இலேயே ஓர் ஆய்வு வந்தது. அந்த வருடங்களில் எங்கள் தெருவில் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் இன்று படகு ஓட்டுகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா?

நாங்களா தூவினோம்? எங்களிடம் வயல் ஏது? தூவச் சொன்னவர்கள் வேறு, விற்றவர்கள் வேறு. வயலில் போட்ட பி.எச்.சி.யில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது என்று இதே தமிழ்நாட்டு நெல்வயலில் சோதித்துக் காட்டினார்கள். காற்றில் போனது கடலில்தானே இறங்கும்? விவசாயத்துக்கு டி.டி.டி. கூடாதென்றது 1989இல். பி.எச்.சி.க்குத் தடை வந்தது 1997இல். தடை போட்ட அன்றே கடல் சுத்தமாகிவிடுமா என்ன? இப்போது தொழிற்பேட்டைக் குழாய்கள் வேறு. எதைக் கொட்டுகிறார்கள் என்று கேட்டால், எல்லாம் அளவுக்குள்தான் என்கிறார்கள். எந்த அளவு, யார் அளந்தது?

இதையெல்லாம் வெளியே பேசாதே, உன் மீனை எவன் வாங்குவான் என்று எங்கள் ஆட்களே அதட்டுகிறார்கள். அதுவும் நியாயம்தான். நஞ்சைக் கலந்தவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. சொன்னால் எங்கள் கூடை விற்காது, சொல்லாவிட்டால் எங்கள் பிள்ளை தின்னும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டித்தானே எங்களை மிரட்டுகிறீர்கள்? அதே சட்டத்தில் வேட்டை என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். கொல்வது மட்டுமில்லை, நஞ்சிடுவதும் வேட்டைதான் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பிரிவில் ஒரு குழாய்க்காரன் மீதாவது எங்கள் கரையில் வழக்கு உண்டா?

அடுத்த ஓங்கில் ஒதுங்கும்போது வாருங்கள். வலையையும் அளந்துகொள்ளுங்கள், தடுக்கவில்லை. கூடவே கொழுப்பை அறுத்து எடுத்துப்போங்கள். முடிவு வந்ததும், எந்த நஞ்சு, எவ்வளவு, எந்த மீனை யார் குறைக்க வேண்டும் என்று தமிழில் எழுதி எங்கள் ஏலக்கூடச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே அதைக் கொட்டியவன் பெயரையும் ஒட்டுங்கள்.