ரிங்லெட் நடைபாதையில் ஒரு பலகைக்கு இடம் வேண்டும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் கூட்டரசு சாலையில், பகாங் எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் ஊர் ரிங்லெட். ஒரு காலத்தில் மலைக்குப் போகிற எல்லாரும் இந்த ஊரைக் கடந்துதான் ஆக வேண்டும். சிம்பாங் பூலாய் சாலை வந்த பிறகு, ஈப்போ பக்கமிருந்து வருகிறவர்கள் கம்போங் ராஜா வழியாகப் பிரிஞ்சாங்கில் போய் இறங்குகிறார்கள். தாப்பா வழியாக வருகிறவர்களுக்கும் நினைப்பெல்லாம் தானா ராத்தா விடுதியிலும் ஸ்ட்ராபெரித் தோட்டத்திலும்தான் இருக்கிறது. கார் கடைத்தெருவைக் கடந்து போக அதிக நேரம் ஆவதில்லை. அதற்குள் ஓட்டுநரின் கண்ணில் பட்டால்தான் ரிங்லெட் கடைக்காரருக்கு வியாபாரம்.

கண்ணில் படுவதற்கு அவரிடம் இருப்பது ஒரு பலகை. இரண்டு தட்டிகளைத் தலைப்பில் கீல் போட்டு இணைத்து, கால் விரித்து நிறுத்துகிற பலகை. தோசை, ரொட்டி சானாய், தே ஹாலியா, உள்ளே கழிப்பறை உண்டு என்று சாக்கட்டியில் எழுதியிருக்கும். காற்றில் சாயாமலிருக்க அடியில் ஒரு மணல் பை. மூடுபனி இறங்கும் மாலையில் கூரையோரத்துப் பெயர்ப்பலகை வெள்ளையில் கரைந்துவிடும். இடுப்பு உயரத்தில் நிற்கிற இந்தப் பலகைதான் தெரியும். பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுக்க வசதியுள்ள நிறுவனங்களுக்கு இது அற்ப விஷயம். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறி, சேமிப்பைப் போட்டு ஒட்டுக்கடையோ மளிகைக்கடையோ வைத்த குடும்பத்துக்கு அதுதான் முழு விளம்பரச் செலவு.

கேமரன் மலை மாவட்ட மன்றம் இப்படிப்பட்ட பலகைக்கு, கடைக்கு ஒன்று என்ற கணக்கில், எழுத்துப்பூர்வமான எளிய அனுமதி தர வேண்டும் என்பது நம் கோரிக்கை. கண்டும் காணாமல் விடுகிற தயவு நமக்கு வேண்டாம். தயவு இன்றைய அதிகாரியோடு போய்விடும். நாளை வேறொருவர் வந்து பலகையை லாரியில் ஏற்றினால் கேட்க நாதி இருக்காது.

சட்டம் சிறு வியாபாரியை எவ்வளவு பலவீனமான இடத்தில் நிறுத்தியிருக்கிறது என்பதைப் பார்த்தால் இந்தக் கோரிக்கையின் அவசரம் புரியும். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் துணைச்சட்டம் இயற்றவும் உரிமம் வழங்கவும் மன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு, கொடுத்த உரிமத்தை எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்கிறது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி பொது இடத்தில் தடையாக எதை வைத்தாலும் குற்றம். இதற்கு மேல், 59ஆம் எண் சாலை கூட்டரசுக்குச் சொந்தமானது என்பதால் அதன் ஓரத்து ஒதுக்கு நிலத்தில் பொதுப்பணித் துறைக்கும் பேச்சு உண்டு. கடை வாசலில் நிற்கும் ஒரு பலகை எந்த அலுவலகத்தின் கணக்கில் வருகிறது என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கூட்டரசு ஒதுக்கு நிலம் எங்கே முடிகிறது, மன்றத்தின் நடைபாதை எங்கே தொடங்குகிறது என்பதை இரண்டு அலுவலகங்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்து, கடைத்தெரு வரைபடம் ஒன்றில் குறித்துத் தரட்டும். அந்தச் சுமையைத் தோசைக் கல்லின் முன்னால் நிற்கிறவர் தலையில் கட்டக் கூடாது.

பலகைக்கு எதிரான வாதங்களில் ஒன்றை மட்டும் நாம் மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறோம். கண் தெரியாதவரின் கோலுக்கு முன்னால் திடீரென்று முளைக்கும் பலகை அவர் முழங்காலைப் பதம் பார்க்கும். சக்கர நாற்காலியில் வருகிறவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வரும் தாயும் மழையில் வழுக்கும் சாலைக்கு இறங்க நேரிடும். அங்கே காய்கறி லாரி வரும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மன்றம் 2018 நவம்பரில் இத்தகைய பலகைகளை நகரம் முழுவதும் தடை செய்ததற்கு இதுவே முக்கியக் காரணம். நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களைப் பயன்படுத்த அவர்களுக்கு உள்ள உரிமையை ஏற்றிருக்கிறது. கடைக்காரரின் வருமானத்துக்காக அந்த உரிமையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆகவே அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். சக்கர நாற்காலியும் எதிரே நடந்து வருபவரும் இடித்துக்கொள்ளாமல் கடக்க 1.5 மீட்டர் தேவை. பழைய கடைவீடுகளின் அஞ்சடி, 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த திட்டத்திலிருந்து நம் ஊர்களுக்கு வந்தது. ஐந்து அடி என்பதே ஏறக்குறைய 1.5 மீட்டர்தான். அப்படியானால் அகலம் அவ்வளவே உள்ள அஞ்சடிக்குள் பலகைக்கு இடமே இல்லை. இதை வியாபாரிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே சுவரில் அடித்து, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பலகைக்கு அதே கட்டணத்தில் அனுமதி கொடுக்கலாம். நடைபாதை அகலமாக உள்ள இடத்தில் 1.5 மீட்டரை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டுக் கட்டம் கட்டிக் கொடுங்கள். பலகை கட்டத்துக்குள் இருந்தால் சரி, வெளியே வந்தால் அபராதம். அமலாக்க அதிகாரிக்கும் கடைக்காரருக்கும் வாக்குவாதத்துக்கு வேலை இருக்காது. கடை சாத்தும்போது பலகை உள்ளே போய்விட வேண்டும்.

எடின்பரோவைப் போல மொத்தத் தடையே போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நகரத்துக்கு ஆண்டு முழுவதும் கூட்டம் தானாக வருகிறது. ரிங்லெட்டில் வார நாள் மதியம் நடைபாதையில் ஆள் நடமாட்டமே குறைவு. இங்கே தடை போட்டால் ஒதுங்குவது பலகை மட்டுமல்ல, கடையும்தான்.

பதாகையால் உயிர் போனதும் நமக்கு நினைவிருக்கிறது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவில் கட்டிய பதாகை சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பொறியாளர் தண்ணீர் லாரியின் அடியில் சிக்கி இறந்தார். அதைக் கட்டியவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது. இங்கேயும் தேர்தல் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் பெரிய பதாகைகள் வளைவுகளில் பார்வையை மறைத்துத் தொங்குவதைக் காண்கிறோம். அமலாக்கத்தின் கடுமை முதலில் அங்கே பாயட்டும். பெரிய தூண்களில் ஒளிரும் விளம்பரங்களுக்குக் கட்டணத்தை உயர்த்தினால், சிறு பலகைக்கு ஆண்டுக்கு 50 வெள்ளிக்கு மேல் வாங்க வேண்டிய அவசியம் இராது.

மொழி விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். விளம்பரத்தில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்று ஊராட்சி மன்றங்களின் துணைச்சட்டங்கள் கேட்கின்றன. 2024 நவம்பரில் கோலாலம்பூரில் பெயர்ப்பலகை மொழி எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்பதைப் பார்த்தோம். தேசிய மொழி மேலே பெரிதாக இருக்கட்டும். அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. அதன் கீழே தமிழோ சீனமோ எழுதும் உரிமை அனுமதிச் சீட்டிலேயே அச்சாகி வர வேண்டும். நிலையான பெயர்ப்பலகைக்கு டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் மொழிச் சரிபார்ப்பு பொருத்தமானதே. தினமும் அழித்து எழுதும் உணவுப் பட்டியலுக்கு அதையே கேட்டால் கடைக்காரர் என்றைக்கு எழுதுவது, என்றைக்கு விற்பது? சரிபார்த்த சொற்பட்டியல் ஒன்றை மன்றமே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போதும்.

உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்லி மலைப்பாதையில் தானா ராத்தாவுக்கு அலைக்கழிக்கவும் வேண்டாம். மூன்று ஆண்டுவரை உரிமம் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. மூன்று ஆண்டுக்கே கொடுங்கள். மன்ற அதிகாரிகள் மாதம் ஒரு நாள் ரிங்லெட்டில் மேசை போட்டு உட்கார்ந்து, அங்கேயே பாரத்தை நிரப்பி, அங்கேயே இடத்தை அளந்து முடிவு சொல்லலாம். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம் காரணம் கேட்கவில்லை என்பது உண்மைதான். காரணம் சொல்வதை அது தடுக்கவும் இல்லை.

1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஓட்டுப் போட்டு அவர்களை மாற்றும் வழி ரிங்லெட் கடைக்காரருக்கு இல்லை. ஆனால் மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் பொது விதியாக வைத்திருக்கிறது. டிசம்பர் விடுமுறைக் கூட்டம் மலையேறுவதற்கு முன்பு, ரிங்லெட் வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர் இந்தக் கோரிக்கையை மன்றத்தின் முழுக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். அன்று கடையை அரை நாள் சாத்தினாலும் பரவாயில்லை, வியாபாரிகளும் மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து போய் பார்வையாளர் இருக்கையில் உட்காருங்கள்.